உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்

மலேசியாவின் சுங்கை வேயில் பெடரல் நெடுஞ்சாலையை ஒட்டிய தொழிற்பேட்டைப் பக்கம் போனால், இரும்போடு இரும்பை ஒட்டும் வேலைக்கு எத்தனை முகங்கள் உண்டு என்பது புரியும். 1972இல் இங்கே தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்ததிலிருந்து தொழிற்சாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. இப்படிப்பட்ட ஆலைகளுக்கு நீராவிக் குழாய் வேண்டும், அழுத்தக் கலன் வேண்டும், கூரையைத் தாங்கும் சட்டங்கள் வேண்டும். கொஞ்சம் தள்ளி வந்தால் குடியிருப்புகள். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் கேட், ஜன்னலுக்கு ஜன்னல் கிரில். இரண்டு வேலையையும் ஒரே கருவியால் செய்யலாம். ஒரு வெல்டிங் மெஷின், ஒரு ஹோல்டர், 35 சென்டிமீட்டர் நீளமுள்ள ராடு, அவ்வளவுதான். கிரில்லில் வெல்டு விட்டுப்போனால் கம்பி ஆடும். நீராவிக் குழாயில் விட்டுப்போனால் ஆள் போய்விடுவார்.

ஆறு மாதமோ ஒரு வருடமோ பயிற்சி எடுத்த ஒரு பையனை இவற்றில் எந்த வேலைக்கு விடலாம்? இதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? வெல்டிங் பயிற்சியைப் பற்றிப் பேசும்போது மெஷின் விலையையும் சம்பளத்தையும் பேசுகிறோமே தவிர, இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெல்டு பார்க்க அழகாக இருக்கிறது என்பதை வைத்து ஒருவருக்குத் தேர்ச்சி கொடுப்பது ஆபத்து. அந்தக் கை எங்கே தவறும் என்று தெரிந்து, அந்த இடத்திலேயே அதைச் சோதிப்பதுதான் நேர்மையான தேர்வு.

கை எங்கே தவறும் என்பதை அறிய, வெல்டு செய்யும்போது எழும் வெளிச்சத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ராடின் முனை இரும்பைத் தொட்டு விலகும் நொடியில், இடையில் உள்ள வாயு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. அதுதான் மின்வில். மின்னழுத்தம் 20 முதல் 30 வோல்ட்தான், ஆனால் 3.2 மில்லிமீட்டர் ராடுக்கு 90 முதல் 130 ஆம்பியர் வரை மின்னோட்டம் பாயும். மின்வில்லின் வெப்பம் 5,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரும்போ 1,500 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். ஆகவே ராடும் உருகுகிறது, கீழே உள்ள தகடும் உருகுகிறது. இரண்டும் கலந்து ஒரு சிறு குட்டையாகித் தேங்குகிறது. அந்தக் குட்டையை நகர்த்திக்கொண்டே போவதுதான் வெல்டரின் வேலை.

உருகிய இரும்புக்குக் காற்று எதிரி. ஆக்சிஜன் சேர்ந்தால் துருவும் துளையும். நைட்ரஜன் சேர்ந்தால் இணைப்பு நொறுங்கும் தன்மை பெறும். வெறும் கம்பியை வைத்து வெல்டு செய்த காலத்தில் இதுதான் பெரிய தலைவலி. சுவீடனைச் சேர்ந்த ஆஸ்கார் ஷெல்பெரி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பிக்குப் பூச்சு கொடுத்து அதற்கு வழி கண்டார். அவர் 1904இல் தொடங்கிய எசாப் நிறுவனத்தின் ராடுகள் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. பூச்சு எரியும்போது வரும் வாயு குட்டையைச் சுற்றிக் காற்றை விலக்குகிறது. மிச்சம் கசடாகி மேலே படிந்து, இரும்பு ஆறும் வரை மூடிக் காக்கிறது. மின்வில் அணையாமல் நிலைப்பதற்கான பொருள்களும், இரும்பின் வலிமையைக் கூட்டும் உலோகங்களும் அந்தப் பூச்சிலேயே இருக்கின்றன.

இப்போது கைக்கு வருவோம். ராடு உருகிக் குறைந்துகொண்டே போவதால், கை ஓயாமல் கீழே இறங்க வேண்டும். அதே நேரத்தில் மூட்டு நெடுகப் பக்கவாட்டில் நகர வேண்டும். அகலமான மூட்டு என்றால் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் லேசாக அசைய வேண்டும். மூன்று அசைவும் ஒன்றாக, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து நடக்க வேண்டும். ராடு முனைக்கும் குட்டைக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ ராடின் விட்டத்தளவு, அதாவது 3 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் வாயுப் போர்வை மெலிந்து காற்று நுழையும், சிதறல் தெறிக்கும், வெல்டுக்குள் துளை விழும். குறைந்தால் ராடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும். இடைவெளி சற்று மாறினாலும் ஆம்பியர் பெரிதாக மாறாதபடி இந்த மெஷின்களை வடிவமைத்திருக்கிறார்கள். அந்தச் சலுகையும் ஓரளவுக்குத்தான். சரியான இடைவெளியில் மின்வில் வடகம் பொரிவதுபோல் சீராகப் பொரபொரவென்று சத்தமிடும். அனுபவமுள்ள மாஸ்டர், திரும்பிப் பார்க்காமலே எந்தத் தடுப்பில் உள்ள பையன் ராடைத் தூக்கிப் பிடிக்கிறான் என்று சொல்லிவிடுவார்.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. 24 வோல்ட், 120 ஆம்பியர், நிமிடத்துக்கு 150 மில்லிமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்துக்கும் 1.15 கிலோஜூல் சக்தி செலவாகிறது. கை இரண்டு மடங்கு வேகமாகப் போனால் அது பாதியாகிவிடும். அப்போது ராடு உருகும், தகடு போதிய அளவு உருகாது. மேலே பார்த்தால் வரி விழுந்திருக்கும். உள்ளே இரும்பு இரும்போடு சேர்ந்திருக்காது. சேராத வெல்டு உடனே பிரியவும் பிரியாது. அதனால்தான் அது பயங்கரமானது.

இதெல்லாம் நேர்கோட்டில் ஓடும்போது வரும் சிக்கல்கள். உண்மையில் கை அதிகமாகத் தவறுவது நிறுத்தும் இடத்திலும் மறுபடி தொடங்கும் இடத்திலும்தான்.

3.2 மில்லிமீட்டர் ராடு ஒரு நிமிடத்தை ஒட்டித் தீர்ந்துவிடும். ராடைச் சட்டென்று எடுத்தால் குட்டை அப்படியே சுருங்கி உறைந்து, ஒரு பள்ளம் விழும். சுருக்கத்தின் இழுவிசையால் அந்தப் பள்ளத்தின் நடுவில் நட்சத்திர வடிவில் மயிரிழை விரிசல் வரலாம். அடுத்த ராடை மாட்டுகிற பையன் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். தெரியாதவன் பள்ளத்தின் மேலேயே ராடைத் தட்டித் தொடங்குவான். கசடு உள்ளே மாட்டிக்கொள்ளும், தொடக்கக் குளிரில் இரும்பு சேராமல் போகும், அந்த இடத்தில் ஒரு மேடு எழும். தெரிந்தவன் முதலில் பள்ளத்தின் கசடைச் சிப்பிங் சுத்தியால் தட்டிக் கம்பிப் பிரஷால் தேய்ப்பான். பள்ளத்துக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் மின்வில்லை மூட்டி, சூடு ஏறியதும் பள்ளத்துக்குத் திரும்பி வந்து, அது நிரம்பும் வரை ஒரு கணம் நின்று, பிறகு முன்னே நகர்வான். முதலில் மூட்டிய இடத்தின் மேலேயே மறுபடி ஓடுவதால் அங்கே விழுந்த தழும்பும் உருகி மறைந்துவிடும். சில நொடிகளில் முடிந்துவிடும் வேலைதான். ஆனால் ஒரு வெல்டரின் தரம் அந்தச் சில நொடிகளில் வெளிப்படுகிற அளவுக்கு வேறெங்கும் வெளிப்படுவதில்லை.

வெல்டர்களின் தகுதித் தேர்வுக்கான உலகத் தரநிலையான ஐஎஸ்ஓ 9606-1 இதை அறிந்தே வைத்திருக்கிறது. மூட்டின் அடியில் முதலில் போடும் அடி ஓட்டத்தில் ஒரு முறையும், கடைசியாகப் போடும் மேல் ஓட்டத்தில் ஒரு முறையும் நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். அந்த இடம் சோதிக்கப்படும் பகுதிக்குள்ளேயே வர வேண்டும் என்கிறது. தேர்வு நடக்கும் தடுப்பில் இப்படித்தான் கேட்கும்:

"தம்பி, அந்தக் கோடு வந்ததும் நிறுத்திருங்க."

"ராடு இன்னும் பாதி இருக்கே, சார்."

"இருக்கட்டும்பா. நிறுத்தி, நான் அடையாளம் போட்டதும் அங்கிருந்தே மறுபடி தொடங்குங்க."

இந்த ஏற்பாடு இல்லாத தேர்வை நான் தேர்வாகவே கருத மாட்டேன்.

வெல்டு ஆறிய பிறகு வருவது கண் சோதனை. கசடைத் தட்டி, நல்ல வெளிச்சத்தில், அளவி வைத்துப் பார்க்க வேண்டும். ஓரத்தில் தகடு அரிபட்டுப் பள்ளம் விழுந்திருக்கிறதா, அதாவது அண்டர்கட் இருக்கிறதா, இருந்தால் 0.5 மில்லிமீட்டருக்குள் அடங்குகிறதா? வெல்டு தேவைக்கு மேல் குவிந்திருக்கிறதா? துளை உண்டா? இதற்கு மலிவான விளக்கும் பழகிய கண்ணும் போதும். வெளிப்படையாக மோசமான வெல்டுகளை இது கழித்துவிடும். ஆனால் கண் பார்ப்பது தோலை மட்டும்தான்.

உள்ளே பார்க்க இரும்பை வளைக்க வேண்டும், இல்லாவிட்டால் உடைக்க வேண்டும். தகட்டிலிருந்து வெல்டு நடுவில் வரும்படி ஒரு பட்டையை அறுத்தெடுத்து, மேலே புடைத்திருப்பதைச் சமமாகத் தேய்த்து, ஓர் உருளையின் மேல் 180 டிகிரி வளைப்பார்கள். 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள பட்டையை 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் வளைத்தால், வெளிப்பக்கம் 20 விழுக்காடு நீள வேண்டியிருக்கும். நல்ல மென்னிரும்பு அதைத் தாங்கும். வெல்டுக்குள் கசடோ, சேராத இடமோ இருந்தால் அங்கே வாய் திறந்துவிடும். திறப்பு எந்தத் திசையிலும் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, இருந்தால் தேறவில்லை. இதில் பட்டையை எந்தப் பக்கமாக வளைக்கிறோம் என்பதும் முக்கியம். வெல்டின் அடிப்பகுதி வெளிப்பக்கம் வரும்படி வளைத்தால் அடி ஓட்டத்தின் குறை தெரியும், முகம் வெளிப்பக்கம் வந்தால் மேல் ஓட்டத்தின் குறை தெரியும்.

மூலை வெல்டுக்கு இன்னும் எளிய வழி உண்டு. டி வடிவில் ஒட்டிய இரண்டு தகடுகளில் ஒரு பக்கம் மட்டும் வெல்டு செய்யச் சொல்லி, வெல்டில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு, வைஸில் மாட்டிச் சுத்தியால் அடித்து மடக்கினால் வெல்டு உடைந்து தன் வயிற்றைக் காட்டும். மூலை வரை இரும்பு உருகிச் சேர்ந்ததா, அல்லது மேலே பாலம் போட்டு உள்ளே வெற்றிடமா என்பது அந்த உடைந்த முகத்தில் அப்படியே தெரியும். எக்ஸ்-ரே படம்கூட, கதிர் போகும் திசைக்குக் குறுக்காக மெல்லிய தாள்போல் கிடக்கும் சேராத பகுதியைத் தவற விடலாம். சுத்தி தவற விடாது. ஒரு ரம்பம், ஒரு வைஸ், ஒரு சுத்தி. எந்தப் பயிற்சிக் கூடத்துக்கும் கட்டுப்படியாகும் சோதனை. தான் போட்ட வெல்டைத் தானே உடைத்துப் பார்க்கும் மாணவனுக்கு, ஆம்பியரைப் பற்றிய பத்துப் பக்கக் குறிப்பு சொல்லித் தராததை அந்த உடைந்த முகம் சொல்லித் தரும்.

ஆனால் வளைத்தும் உடைத்தும் பார்த்தாலும் அன்றைக்குத் தெரியாத ஒரு குறை உண்டு. நம் ஊர்க் காற்றுக்கு அதில் பெரிய பங்கு.

கிரில் வேலைக்குப் பெரும்பாலும் 6013 ராடு போதும். கனத்த சட்டங்களுக்கும் அழுத்தக் கலன்களுக்கும் 7018 வேண்டும். முதல் இரண்டு இலக்கங்கள் வலிமையைச் சொல்கின்றன: 7018 என்றால் சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கும் வெல்டு. 7018இன் பூச்சு ஹைட்ரஜன் மிகக் குறைவாக வரும்படி செய்யப்பட்டது. ஆனால் அதே பூச்சு காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை பெய்த மாலைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திறந்த பெட்டியில் கிடந்த ராடு ஈரத்தோடு எரியும்போது, நீர் பிரிந்து ஹைட்ரஜன் உருகிய இரும்புக்குள் கரைகிறது. இரும்பு ஆறும்போது அந்த ஹைட்ரஜன் வெளியேற வழி தேடி, வெல்டின் ஓரத்தில் சூட்டால் கடினப்பட்ட பகுதியில் சேருகிறது. தடித்த இரும்பு, இழுவிசை, கடினப்பட்ட அமைப்பு மூன்றும் கூடினால் விரிசல் விழும். அதுவும் உடனே விழாது. சில மணி நேரம் கழித்தும் விழலாம், இரண்டு நாள் கழித்தும் விழலாம். வலிமை மிகுந்த இரும்புகளுக்கு 48 மணி நேரம் பொறுத்துத்தான் இறுதிச் சோதனை செய்ய வேண்டும் என்ற விதி அதனால்தான் வந்தது.

இதற்கு மருந்து ஒழுக்கம் ஒன்றுதான். தயாரிப்பாளர் சொன்னபடி, பொதுவாக 300 முதல் 350 டிகிரியில், ராடை அடுப்பில் காய வைக்க வேண்டும். பிறகு சூடு குறையாத பெட்டியில் வைத்து, வேண்டியபோது ஒன்றிரண்டாக எடுத்துப் பயன்படுத்த வேண்டும். ஆகவே தேர்வாளர் தகட்டை மட்டும் பார்த்தால் போதாது. பையன் ராடை எங்கிருந்து எடுத்தான், மூட்டின் துருவையும் எண்ணெயையும் துடைத்தானா, எர்த் கிளாம்ப்பை எங்கே மாட்டினான், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கசடை முழுதாகத் தட்டினானா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, முடிந்த தகடுகளை மேசைக்கு வரவழைத்து மதிப்பெண் போடும் பழக்கத்தை நான் எதிர்ப்பது இதனால்தான்.

சிறிய வெல்டு, முக்கியமில்லாத வெல்டு என்ற பேச்சுக்கும் ஒரு பதில் இருக்கிறது. 1980 மார்ச் 27 அன்று வட கடலில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதக்கும் எண்ணெய் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். தொடக்கம், அதன் தாங்கு குழாய் ஒன்றில் ஒலி வாங்கும் கருவியைப் பொருத்துவதற்காகச் செய்யப்பட்ட 6 மில்லிமீட்டர் மூலை வெல்டு. பாரம் தாங்கும் இணைப்பாக யாரும் அதைக் கருதவில்லை. அங்கே இருந்த விரிசலுக்குள் பெயின்ட்டின் தடயம் இருந்ததை விசாரணையாளர்கள் கண்டார்கள். அதாவது மேடை கடலுக்குப் போகும் முன்பே அது விரிசல் விட்டிருந்தது. அலைகள் ஆட்ட ஆட்ட விரிசல் வளர்ந்து, குழாயே அறுந்தது.

மலேசியாவில் இந்த மதிப்பீட்டுக்கு ஒரு முறையான அமைப்பு இருக்கிறது. 1971இல் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் வாரியமாகத் தொடங்கியது, 1989இல் எம்எல்விகே எனப்படும் தேசியத் தொழிற்பயிற்சி மன்றம் ஆனது, 2006இல் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் வந்தபோது மனிதவள அமைச்சின் கீழ் ஜேபிகே எனப்படும் திறன் மேம்பாட்டுத் துறையானது. அது கொடுக்கும் எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழைத்தான் வேலைக்கு எடுப்பவர்கள் கேட்கிறார்கள். கூச்சாய் லாமாவில் உள்ள ஐஎல்பி போன்ற அரசுப் பயிற்சிக் கழகங்களும் தனியார் மையங்களும் இதே தரத்தின்படிதான் நடக்க வேண்டும். ஒரு மாணவரைப் பயிற்சி மையத்தின் மதிப்பீட்டு அதிகாரி சோதிக்கிறார். உள் சரிபார்ப்பு அதிகாரி அதைச் சரிபார்க்கிறார். வெளியிலிருந்து வரும் சரிபார்ப்பு அதிகாரி இருவரின் வேலையையும் பார்க்கிறார். தேறினாரா, இன்னும் தேறவில்லையா என்பதே தீர்ப்பு.

இந்த மூன்று அடுக்கு வீண் சடங்கு இல்லை. ஒரே தகட்டை இரண்டு மாஸ்டர்களிடம் காட்டினால் இரண்டு மதிப்பெண் வருவது இயல்பு. ஒருவர் அழகைப் பார்ப்பார், ஒருவர் அண்டர்கட்டைப் பார்ப்பார். தன் மாணவன் தோற்றால் தனக்குக் கெட்ட பெயர் என்ற எண்ணமும் கண்ணை மறைக்கும். எது ஏற்கத்தக்கது என்பதை மில்லிமீட்டரில் எழுதிவைப்பதும், தேர்வாளர்களையே அவ்வப்போது ஒரே மாதிரித் தகடுகளை வைத்துச் சோதிப்பதும்தான் அதற்கு வழி.

எத்தனை தகடு என்பதும் முக்கியம். கணக்குக்காக, பத்தில் ஏழு முறை மட்டும் நல்ல வெல்டு போடும் ஒருவரையும், நூற்றில் 95 முறை நல்ல வெல்டு போடும் ஒருவரையும் எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு தகடு வைத்தால் முதலாமவர் தேறும் வாய்ப்பு 70 விழுக்காடு. நான்கு தகடும் தேற வேண்டும் என்றால் அவருடைய வாய்ப்பு 24 விழுக்காடாகக் குறைகிறது. இரண்டாமவருக்கு 81 இருக்கிறது. ஒரு நாள், ஒரு தகடு என்ற தேர்வு அதிர்ஷ்டத்தை அளக்கிறது. நான்கு தகடு வைத்தாலும் திறமைசாலிகள் ஐவரில் ஒருவர் சறுக்கலாம் என்பதால் மறுதேர்வு வாய்ப்பும் இருந்தாக வேண்டும். கொதிகலன்களுக்கான அமெரிக்க விதியில், உடனே மறுதேர்வு எழுதுபவர் தோற்ற நிலைக்கு ஒன்றுக்கு இரண்டு தகடுகளைத் தொடர்ந்து போட்டு, இரண்டிலும் தேற வேண்டும்.

நிலை என்று சொன்னேன். தகட்டைக் கிடத்தி வைத்துத் தேறியவரைத் தலைக்கு மேல் வெல்டு செய்யவிட முடியாது. புவியீர்ப்பு குட்டையைக் கீழே இழுக்கும். பரப்பு இழுவிசையையும் கையின் வேகத்தையும் நம்பித்தான் அது நிற்கிறது. கிடை, குறுக்கு, செங்குத்து, தலைமேல் என்று தகட்டுக்கு நான்கு நிலைகள். 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றி வருவது 6ஜி. அதில் தேறியவர் எல்லா நிலைகளிலும் செய்யலாம் என்பது நடைமுறை. நமக்கு விமான நிலையமாகவே அதிகம் தெரிந்த திருச்சியில், திருவெறும்பூர்ப் பக்கம் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையும், 1975இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. ஒரு மின்நிலையக் கொதிகலனில் ஆயிரக்கணக்கான குழாய் மூட்டுகள் வரும். அங்கே தகுதி பெறாத கை குழாயைத் தொடவே முடியாது.

தகுதி பெற்ற கைக்கும் கெடு உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இவர் இந்த முறையில் தொடர்ந்து வெல்டு செய்துவருகிறார் என்று பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும் என்கிறது ஐஎஸ்ஓ விதி. இடையில் வேறு வேலைக்குப் போய்விட்டவரின் சான்றிதழ் காகிதமாகிவிடும்.

இதன் மறுபக்கம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நகரத்துக்கு வந்த நம் குடும்பங்களிலிருந்து எத்தனையோ பேர் பட்டறைகளில் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழில் கற்றார்கள். கையில் இருபது வருட அனுபவம், சான்றிதழ் ஒன்றுமில்லை. இவர்களுக்காகவே பிபிடி என்ற வழி இருக்கிறது. முன்பே பெற்ற திறனை அங்கீகரிக்கும் ஏற்பாடு அது. மறுபடி வகுப்பில் உட்கார வேண்டாம். செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்தால் மதிப்பீட்டு அதிகாரி பரிசீலிப்பார், நேரில் செய்து காட்டச் சொல்வார், கேள்வி கேட்பார். "7018ஐ ஏண்ணே அடுப்புல வைக்கிறீங்க?" என்று கேட்டால், ஹைட்ரஜன் என்ற சொல் வராவிட்டாலும், "ஈரம் ஏறினா வெல்டு வெடிச்சிரும்" என்று சொல்லக்கூடியவர்கள் இவர்கள். அந்தப் பதிலுக்கு முழு மதிப்பெண் உண்டு.

தடங்கல் பெரும்பாலும் ஆதாரத்தில்தான் வருகிறது. முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு, வேலையின் வரைபடம், சோதனை அறிக்கை என்று எதையும் சேர்த்து வைத்திருக்க மாட்டார்கள். படம் எடுத்து வைத்திருப்பவர்களும் கடைசியில் பெயின்ட் அடித்து மின்னும் கேட்டைத்தான் எடுத்திருப்பார்கள். மதிப்பீட்டு அதிகாரிக்கு அதனால் பயனில்லை. மூட்டைத் தேய்த்துத் தயார் செய்ததும் ஒரு படம், அடி ஓட்டம் போட்டுக் கசடு தட்டியதும் ஒரு படம், மேல் ஓட்டம் முடிந்ததும் அளவியை வைத்து ஒரு படம், தேதியோடு. இப்போது எல்லாரிடமும் கைப்பேசி இருக்கிறது. அடுத்த ஓட்டம் ஏறிவிட்டால் அடி ஓட்டத்தை எவராலும் பார்க்க முடியாது என்பதால், ராடு மாற்றும் இடைவெளியிலேயே எடுத்துவிட வேண்டும்.